முன்னால் நடந்த காளை

அப்பா நிலம் வாங்கப் போகிறார் என்று எங்களுக்குத் தெரியும். மாட்டோடு சேர்த்து வாங்கப் போகிறார் என்பது அம்மாவுக்குக்கூடத் தெரியாது.

அப்போது நாங்கள் டெக்ஸஸில் ரவுண்ட் ராக் என்ற ஊரில் ஒரு அபார்ட்மென்டில் இருந்தோம். அப்பாவுக்கு அங்கே ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. எனக்கு ஒன்பது வயது, சென்னையிலிருந்து வந்து மூன்று வருஷம் ஆகியிருந்தது. தங்கை இங்கேயே பிறந்தவள், இரண்டு முடிந்து மூன்று நடந்துகொண்டிருந்தது. ஒரு சனிக்கிழமை காலை எங்களை வேனில் ஏற்றிக்கொண்டு அப்பா வடகிழக்கே ஓட்டினார். ஃப்ரீவேயை விட்டு இறங்கியதும் வீடுகள் குறைந்தன. பிறகு மரங்கள் குறைந்தன. கடைசியில் சரளைக்கல் ரோடும் முள்கம்பி வேலியும் புல்லும்தான் மிச்சம். வேன் நின்ற இடத்தில் நாலு பக்கமும் வானம் தரைவரைக்கும் இறங்கியிருந்தது. இவ்வளவு பெரிய வானத்தை அதற்கு முன் நான் மெரினாவில் மட்டும்தான் பார்த்திருந்தேன்.

அப்பா இறங்கின உடனே குனிந்து ஒரு மண்கட்டியை எடுத்தார். கறுப்பு மண். வெயிலில் பாளம் பாளமாக வெடித்திருந்தது.

"கரிசல்! பாத்தியா, அசல் கரிசல்!" என்று அம்மாவிடம் நீட்டினார். அவர் சாத்தூர்ப் பக்கம். அம்மா மாம்பலம். அவளுக்கு மண் என்றால் பால்கனித் தொட்டியில் இருப்பது.

"அங்க பாரு, வேலி ஓரமா. நம்மூர் சீமைக்கருவேலம் மாதிரியே இருக்கு. அதே குடும்பம்தான், இங்க மெஸ்கீட்ங்கறாங்க."

"சீமைக்கருவேலம் பாக்கறதுக்கா இவ்வளவு தூரம் ப்ளேன் ஏறி வந்தோம்?" என்றாள் அம்மா.

நிலத்தை விற்ற வயதான தம்பதி மகன் இருக்கிற ஊருக்குப் போவதால் பதினைந்து மாடுகளையும் அப்படியே விட்டுப் போனார்கள். மாடு மேய்கிற நிலத்துக்கு வரி குறைவு என்று யாரோ அப்பாவிடம் சொல்லியிருந்தார்கள். அதைத்தான் அவர் அம்மாவிடம் காரணமாகச் சொன்னார். ஆனால் அந்த மாடுகளுக்கு முதுகில் லேசாகத் திமில் இருந்ததைப் பார்த்து அவர் முகம் மலர்ந்ததை நான் கவனித்தேன். இந்த ஊர்க் கறுப்பு மாட்டோடு நம் நாட்டு வகை கலந்த மாடுகள் அவை. காது தொங்கும், கழுத்துத் தோல் மடிப்பு மடிப்பாக ஆடும்.

அம்மா ஒரு நிபந்தனை போட்டாள். "ரெண்டே வருஷம். அப்புறம் ஆலன் போறோம்." ஆலனில் அவளுடைய சித்தி பெண் இருந்தாள். டாலஸுக்கு வடக்கே, சைட்வாக் உள்ள தெரு, கூப்பிடு தூரத்தில் இண்டியன் ஸ்டோர், வெள்ளிக்கிழமை கூடிப் பாட அக்கம்பக்கத்தில் பத்து ஆன்ட்டிகள். நாங்கள் குடிபோனது நிலத்தோடு வந்த வீட்டுக்கு. அங்கிருந்து பால் வாங்கவே பன்னிரண்டு மைல். சுற்றி மாடாக இருக்கும்போது பால் வாங்கப் பன்னிரண்டு மைல் போவது அம்மாவுக்குக் கடைசிவரை ஆறாத விஷயம்.

முதல் சில மாதங்கள் அம்மா வேலியைத் தாண்டவே மாட்டாள். மாடு தலையைத் தூக்கிப் பார்த்தாலே அவளும் நின்றுவிடுவாள். அப்பாதான் காலையில் ஆபீஸ் போகும் முன் தண்ணீர்த் தொட்டியைப் பார்ப்பார், சாயங்காலம் வந்து தீவன மூட்டையைப் பிரிப்பார். டெக்ஸஸில் மாடு தண்ணீர் குடிக்கும் குட்டையை 'டேங்க்' என்பார்கள். நம்மூர்க் கண்மாய்க்கும் இங்கிலீஷில் அதுதான் பெயர் என்பதால் அப்பாவுக்கு அந்த வார்த்தை அவ்வளவு பிடிக்கும். "டேங்க்ல தண்ணி எவ்வளவு இருக்குன்னு பாத்துட்டு வரேன்" என்று, தேவையே இல்லாதபோதும் சொல்லிவிட்டுப் போவார்.

எனக்கோ ஒரே கொண்டாட்டம். ஸ்கூல் பஸ் வீட்டுக்கு முன்னாலேயே வரும். அதை ஓட்டின அம்மாள் எங்களுக்கு அடுத்த பண்ணையின் வெள்ளைக்காரி. நாற்பது வயது இருக்கும், கணவர் இல்லை, தனியாக அறுபது மாடு வைத்திருந்தாள். காலையில் பஸ், பிறகு மாடு, மதியம் மறுபடி பஸ். நாங்கள் அவளை பஸ் ஆன்ட்டி என்றே கூப்பிட்டோம். பூட்ஸில் சாணியோடுதான் பஸ்ஸில் ஏறுவாள். அவளைப் பார்த்து நானும் ரப்பர் பூட்ஸ் கேட்டு வாங்கினேன். மழை பெய்தால் அந்தக் கரிசல் பூட்ஸைப் பிடித்து இழுத்துக்கொள்ளும். ஒருமுறை இரண்டு பூட்ஸையும் மண்ணிலேயே விட்டுவிட்டு சாக்ஸோடு வீட்டுக்கு ஓடிவந்தேன். ஏப்ரலில் வேலி ஓரம் முழுக்க நீலப்பூ. மே மாதம் முள்ளுக்குள் கறுப்புப் பழம். கையெல்லாம் கீறி, நாக்கெல்லாம் ஊதாவாகி, டப்பாவில் பாதிகூட வீட்டுக்கு வராது. தீ எறும்புப் புற்றில் கால் வைத்து முழங்கால்வரை கொப்புளம் வந்ததும் அந்த வருஷம்தான்.

எனக்குப் பத்து வயதான அந்த ஜனவரியில் ஐஸ் மழை வந்தது. டெக்ஸஸில் பனி அபூர்வம். ஐஸ் மழை வேறு. மழையாக விழுந்து, விழுந்த இடத்தில் கண்ணாடியாகிவிடும். அப்பா முந்தின நாள் ஆபீஸ் போனவர் திரும்ப முடியவில்லை. ஃப்ரீவேயை மூடிவிட்டார்கள். கம்பெனிக்குப் பக்கத்தில் நண்பர் வீட்டில் தங்கிவிட்டார். எங்கள் வீட்டில் கரண்ட் இல்லை. காஸ் அடுப்பை மட்டும் தீக்குச்சியால் பற்றவைக்க முடிந்தது. அம்மா ரசம் வைத்துக்கொண்டிருந்தாள். நான் ஜன்னல் வழியாகப் பார்த்தேன்.

கொட்டகைக்குப் பக்கத்துச் சின்ன அடைப்பில் ஒரு கிடேரியை விட்டிருந்தோம். தலையீத்து, அதற்கு முதல் பிரசவம். அது படுப்பதும் எழுந்திருப்பதுமாக இருந்தது. வாலுக்குக் கீழே ஏதோ தெரிந்தது.

"அம்மா, ரெண்டு கால் தெரியுது."

அம்மா வந்து பார்த்தாள். அடுப்பை அணைத்தாள். அப்பாவுக்குப் போன் போட்டாள். அப்பா, "பஸ் ஆன்ட்டியைக் கூப்பிடு" என்றார். பஸ் ஆன்ட்டிக்குப் போட்டாள். எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவே இரண்டு மைல், அவ்வளவும் கண்ணாடி ரோடு.

"ட்ராக்டர்ல கிளம்பறேன், ஆனா மெதுவாத்தான் வர முடியும்" என்றாள் அவள். "எவ்வளவு நேரமா இப்படி இருக்கு?"

எவ்வளவு நேரமாக என்று எங்களுக்குத் தெரியாது.

"அப்ப காத்திருக்காதே. மூக்கு தெரியுதான்னு போய்ப் பார்."

அம்மா அப்பாவின் தடி ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டாள். பாத்திரம் தேய்க்கிற மஞ்சள் கையுறை. துணி உலர்த்தும் நைலான் கயிறு. தங்கையை டிவி ஓடாத ஹாலில் பிஸ்கட் டப்பாவோடு உட்கார வைத்து, "அசையக் கூடாது" என்றாள். "ஓகே மம்மி" என்றாள் தங்கை. அவளுக்குத் தமிழ் எல்லாம் புரியும், பதில் மட்டும் இங்கிலீஷில்தான் வரும்.

நான் போனை ஸ்பீக்கரில் போட்டு அம்மாவின் காதருகே பிடித்துக்கொண்டேன். விரல் மரத்துப்போயிற்று. மாடு தலை திருப்பினாலே நின்றுவிடுகிற அம்மா அந்த ஐஸில் முழங்கால் போட்டு உட்கார்ந்து அதன் பின்னால் கை வைத்தாள்.

"மூக்கு இருக்கு. நாக்கு வெளிய நீட்டிட்டு இருக்கு. ஊதாவா இருக்கு."

"ரெண்டு காலிலும் கணுவுக்கு மேல கயிறு கட்டு. அவ முக்கறப்ப நீ இழு. அவ நிறுத்தினா நீயும் நிறுத்து. நேரா இழுக்காதே, கீழ்நோக்கி."

நான் ஒரு கயிறு, அம்மா ஒரு கயிறு. கிடேரி முக்கியது, நாங்கள் இழுத்தோம். கால் வழுக்கி இரண்டு பேரும் விழுந்தோம். எழுந்தோம். மறுபடி.

"கொஞ்சம் பொறுத்துக்கோடி" என்றாள் அம்மா மாட்டிடம். "உனக்கும் முதல் தடவை. எனக்கும் முதல் தடவை. ரெண்டு பேருமா எப்படியாவது முடிச்சுடலாம்."

தலை வந்தது. பிறகு தோள் சிக்கிக்கொண்டது. அம்மா பல்லைக் கடித்துக்கொண்டு எதையோ முணுமுணுத்தாள். சாமி பெயரா திட்டா தெரியவில்லை. திடீரென்று எல்லாம் சேர்ந்து வழுக்கிக்கொண்டு வந்து எங்கள் மடியில் விழுந்தது. ஆவி பறந்தது. கன்றுக்குட்டி அசையவில்லை.

"மூச்சு இல்ல!" என்று போனில் கத்தினேன்.

"வாய்க்குள்ள விரல் விட்டுச் சளியை எடு. ஒரு புல்லை எடுத்து மூக்குக்குள்ள குத்து. நல்லா குத்து, பாவம் பாக்காதே."

அம்மா குத்தினாள். இரண்டாவது தடவை அது தும்மியது. தும்மலுக்குப் பிறகு ஒரு நீளமான மூச்சு. அம்மா என்னைப் பார்த்துச் சிரித்தாள். அவள் மூக்கு நுனியில் ரத்தம்.

கிடேரி எழுந்து, திரும்பிக்கூடப் பார்க்காமல், அடைப்பின் அந்தப் பக்கம் போய் நின்றுகொண்டது. கன்று ஈரமாக ஐஸில் கிடந்தது. காது ஏற்கெனவே விறைத்திருந்தது. அம்மா யோசிக்கவில்லை. பெட்ஷீட்டை விரித்து அதில் கன்றைப் புரட்டி, நானும் அவளுமாக வீட்டுக்குள் இழுத்தோம். இட்லிக் குண்டானிலும் குக்கரிலும் தண்ணீர் காய்ச்சி பாத்டப்பில் ஊற்றி அதை உள்ளே இறக்கினோம். அம்மா தலையைப் பிடித்துக்கொள்ள, நான் முதுகைத் தேய்த்தேன். தங்கை வாசலில் நின்று, "கேன் ஐ கிவ் இட் பிஸ்கட்?" என்று கேட்டாள். பிறகு அப்பாவின் வேட்டிகள், நல்ல டவல்கள், எல்லாவற்றாலும் துடைத்தோம். காளைக் கன்று. முழுக்கக் கறுப்பு, நெற்றியில் மட்டும் ஒரு கைக்குட்டை அளவு வெள்ளை.

சாயங்காலம் ட்ராக்டர் சத்தம் கேட்டது. பஸ் ஆன்ட்டி ஒரு பால் பாட்டிலும் ஒரு பையும் கொண்டுவந்தாள். அதில் சீம்பால் பவுடர்.

"சீம்பாலுக்குமா பவுடர்!" என்று அம்மா வியந்தாள். கரைத்துக் கொடுத்தோம். அது முட்டி முட்டிக் குடித்தது.

இரண்டு நாள் கழித்து அப்பா வந்தார். லாண்டரி ரூமில் பழைய ரஜாய்மேல் கன்று படுத்திருந்தது. அப்பா வாயைத் திறப்பதற்குள் அம்மா, "ஷூவைக் கழட்டிட்டு மெதுவா வாங்க, இப்பத்தான் தூங்குது" என்றாள்.

தாய் அதைச் சேர்த்துக்கொள்ளவே இல்லை. பஸ் ஆன்ட்டி சொன்ன எல்லாத் தந்திரமும் செய்து பார்த்தோம், உதைதான் கிடைத்தது. அதனால் நான்தான் அதற்குத் தாய். ஸ்கூலுக்கு முன் ஒரு பாட்டில், வந்ததும் ஒரு பாட்டில். பஸ் வந்து நின்றால் கேட் வரைக்கும் ஓடிவரும். பஸ்ஸில் இருக்கிற பிள்ளைகள் எல்லாம் ஜன்னலில் தொங்கிப் பார்ப்பார்கள். எனக்கு அதில் பெருமை தாங்காது. இரண்டு மாதத்தில் பஸ் ஆன்ட்டி வந்து ரப்பர் வளையம் போட்டுக் காயடித்தாள். நான் வீட்டுக்குள் போய்க் காதைப் பொத்திக்கொண்டேன், அது கத்தவேயில்லை என்று பிறகு சொன்னார்கள்.

அம்மா வேலியைத் தாண்ட ஆரம்பித்தாள். முதலில் கன்றைப் பார்க்க. பிறகு மற்றவற்றையும் பார்க்க. அப்பாவுக்கு முன்னால் அவளே தீவனம் போட்டுவிடுவாள். பஸ் ஆன்ட்டி மாதிரி ஹாரன் அடித்தோ சத்தம் போட்டோ கூப்பிட அவளுக்கு வராது. மாம்பலத்தில் எதிர்வீட்டுக் குழந்தையைக் கூப்பிடுகிற மாதிரி "வா வா வா வா" என்பாள். காற்று எந்தப் பக்கம் அடித்தாலும் மாடுகள் தலை தூக்கும். வரிசையாக வரும். "வீட்ல தமிழ் பேசினா பதில் வராது, மாடாவது கேக்குதே" என்று தங்கையைப் பார்த்துச் சொல்வாள். ஆலன் பேச்சு எப்போது நின்றது என்று யாரும் கவனிக்கவில்லை.

செப்டம்பரில் ரவுண்ட் ராக்கில் ஒரு வீட்டில் பிள்ளையார் சதுர்த்திக்குக் கூடியிருந்தார்கள். ஒரு ஆன்ட்டி அம்மாவிடம் கேட்டாள்: "மாடு வளக்கறீங்களாமே! ஒரு நாளைக்கு எவ்வளவு கறக்குது?"

"இல்ல, கறக்கறது இல்ல" என்றாள் அம்மா.

"கறக்கறது இல்லியா? அப்புறம் எதுக்கு?"

அம்மா தட்டிலிருந்த கொழுக்கட்டையைப் பார்த்தாள். "வந்து... நிலத்தோட வந்தது" என்றாள். ஆன்ட்டி வேறு பேச்சுக்குப் போய்விட்டாள். நான் பக்கத்தில்தான் இருந்தேன். அந்தக் கேள்வி எனக்கு அதுவரை தோன்றவே இல்லை. முந்தின வருஷக் கன்றுகளை ட்ரெய்லரில் ஏற்றிப் போனபோது "வேற பண்ணைக்குப் போகுது" என்று அப்பா சொன்னார். நானும் டாட்டா காட்டினேன்.

மறுநாள் அம்மா சப்பாத்தி இட்டுக்கொண்டிருக்கும்போது கேட்டேன். அப்பா டேபிளில் ஏதோ பம்ப் மேனுவல் படித்துக்கொண்டிருந்தார்.

"போன வருஷக் கன்னுக்குட்டி எல்லாம் இப்ப எங்க இருக்கும்?"

அப்பா பக்கத்தைப் புரட்டினார். அம்மா அவரையே பார்த்தாள். அவர் தலை நிமிரவில்லை. அம்மா அடுப்பை அணைத்துவிட்டுக் கையைத் துடைத்தாள்.

"வித்தோம்மா. வாங்கினவங்க தீனி போட்டுப் பெரிசாக்குவாங்க. அப்புறம் வெட்டுவாங்க."

"சாப்பிடவா?"

"ஆமா."

"நம்மளோடதும் போகுமா?"

அப்பாதான் சொன்னார், மேனுவலைப் பார்த்தபடியே. "இந்த வருஷம் ஒண்ணை வச்சுக்கிட்டா அடுத்த வருஷம் இன்னொண்ணு கேப்ப. காயடிச்ச மாடு சும்மா நின்னு தின்னும். பண்ணைன்னு இருந்தா..." நான் சப்பாத்தி சாப்பிடவில்லை. அவரோடு பேசுவதையும் நிறுத்தினேன். மூன்று வாரம், 'குட் மார்னிங்' கூடக் கிடையாது. அவர் எனக்குப் பிடித்த சாக்லேட்டை வாங்கி ஃப்ரிட்ஜில் வைப்பார், அது அங்கேயே இருக்கும்.

அக்டோபரில் ஒரு சனிக்கிழமை ஏலம். பன்னிரண்டு கன்றுகள், அதில் என்னுடையது ஒன்று. தாய்களைத் தூரத்து வயலுக்கு ஏற்கெனவே மாற்றியிருந்தார்கள். வெள்ளி சாயங்காலமே கன்றுகளைக் கொட்டகை அடைப்பில் அடைத்தாயிற்று. விடிகிற நேரத்தில் நான் பூட்ஸ் போட்டுக்கொண்டு போனேன். அடைப்புச் சங்கிலியைக் கழற்றினேன். ரோட்டுக் கேட்டையும் திறந்தேன். கையைத் தட்டினதும் பதினொன்று ஓடின. ரோட்டைத் தாண்டி எதிர் வயலுக்குள் போய்விட்டன. அங்கே சோளம் அறுத்த தட்டை நின்றது.

என்னுடையது மட்டும் ஓடவில்லை. என் ஜாக்கெட் பாக்கெட்டை முகர்ந்தது. "போடா" என்று தள்ளினேன். இரண்டு அடி நகர்ந்து திரும்பி வந்தது. நானே அதைக் கூட்டிக்கொண்டு எதிர் வயல்வரை நடந்தேன். மற்ற கன்றுகளிடம் விட்டுவிட்டு வீட்டைப் பார்த்து ஓடினேன். திரும்பிப் பார்த்தால் பின்னாலேயே வருகிறது. மூன்று தடவை இப்படி. கடைசியில் புல்லில் உட்கார்ந்து அழுதேன். அது என் தலைமுடியை நக்கியது.

அப்பா காபித் தம்ளரோடு வந்தார். திறந்த கேட்டைப் பார்த்தார். என் கையில் இருந்த சங்கிலியைப் பார்த்தார். காபியைக் கீழே வைத்துவிட்டு பிக்கப் வண்டியை எடுக்கப் போனார்.

ஒரு மணி நேரம் துரத்தினார்கள். அப்பா பிக்கப்பில், ட்ரெய்லரோடு வந்த பஸ் ஆன்ட்டி நடந்து, அம்மா நைட்டிக்கு மேல் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு. கன்றுகள் அம்மா குரலுக்குத் தலை தூக்கிப் பார்க்கும். வண்டியைப் பார்த்ததும் சிதறும். இரண்டு கன்றுகள் ரோட்டுக்கு ஏறின. அந்த நேரம் தானிய லாரி ஒன்று வந்தது. ஹாரன் அலறியது, டயர் தேய்ந்த நாற்றம் இங்கேவரை வந்தது. ஒரு கன்றுக்கும் லாரிக்கும் நடுவே ஒரு கை அகலம்தான் இருந்திருக்கும். இது நான் செய்தது.

அப்பா என்னிடம் வந்தார். முழங்கால் மடித்து எனக்கு நேராக உட்கார்ந்தார்.

"உன்னோடது உன் பின்னாடி வரும். அது நடந்தா மத்தது அது பின்னாடி வரும். நீ வாளியைத் தூக்கிட்டு முன்னால நடந்தாத்தான் முடியும்."

மூன்று வாரத்தில் முதல் தடவையாகப் பேசினேன். "நடந்தா நீங்க ட்ரெய்லர்ல ஏத்திடுவீங்க."

அவர் கண் சிமிட்டவில்லை. "ஏத்துவேன்" என்றார். "நடக்கலேன்னா ரோட்டுல அடிபட்டுச் சாகும். ரெண்டுல எது வேணும்னு உன்னைக் கேக்கறது தப்புதான். எனக்கு வேற வழி தெரியலம்மா."

வாளியை வாங்கிக்கொண்டேன். வயலுக்குள் போய் வாளியைக் குலுக்கினேன். என் கறுப்பன் வந்து தலையை உள்ளே விட்டான். திரும்பி நடந்தேன். கொஞ்ச தூரம்வரை பின்னால் அவன் குளம்புச் சத்தம் மட்டும்தான். பிறகு காய்ந்த தட்டை ஒன்றன்பின் ஒன்றாக நொறுங்குகிற சத்தம். திரும்பிப் பார்க்காதே, வேகமா நடக்காதே என்று பஸ் ஆன்ட்டி கையைக் காட்டினாள். ரோட்டைக் கடந்தேன். கேட்டைக் கடந்தேன். அடைப்புக்குள் போய் எதிர்ச்சுவர் தட்டும்வரை நடந்தேன். கேட் சாத்துகிற சத்தம் கேட்டது. பன்னிரண்டும் உள்ளே.

பஸ் ஆன்ட்டி தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தாள். அப்பாவிடம், "இவனை வித்தா உன்னைவிட முட்டாள் கிடையாது" என்றாள். "இருபது வருஷமா மாடு ஓட்டறேன். இப்படிக் கூட்டிட்டு வர ஒரு மாட்டுக்காக நான் என் ட்ராக்டரையே குடுப்பேன். இவன் முன்னால நடந்தா உன் மந்தை முழுக்கப் பின்னால வரும். தின்கிற புல்லுக்குமேல சம்பாதிப்பான்."

அப்பா என்னைப் பார்த்தார். அம்மாவைப் பார்த்தார். "சரி, அவன் இருக்கட்டும்" என்றார்.

நான் அவன் கழுத்தைக் கட்டிக்கொண்டு குதித்தேன். பதினொன்று ட்ரெய்லரில் ஏறின. ட்ரெய்லர் ரோட்டில் திரும்பி மறைந்தது. நான் அதைப் பார்க்கவேயில்லை. இதை ஒளிக்காமல் எழுத வேண்டும்: அன்றைக்கு அந்தப் பதினொன்றைப் பற்றி நான் ஒரு நிமிஷம்கூட நினைக்கவில்லை. ஃப்ரிட்ஜில் இருந்த சாக்லேட் முழுவதையும் ஒரே மூச்சில் தின்று தீர்த்தேன். அப்பா எதிரே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

அவன் பதினான்கு வருஷம் இருந்தான். பிக்கப் உயரத்துக்கு வளர்ந்தான். தங்கை அவன் முதுகில் படுத்துக்கொண்டு புத்தகம் படிப்பாள். ஒவ்வொரு அக்டோபரும் அவன் முன்னால் நடந்தான். முதல் மூன்று வருஷம் நான்தான் வாளி தூக்கினேன். மூன்றாம் வருஷம் அடைப்புக்குள் நின்று திரும்பிப் பார்த்துவிட்டேன். பின்னால் வந்த கன்றுகள் என்னைப் பார்க்கவில்லை. அவனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தன. அவனுக்கு வாளி ஒன்றுதான் தெரியும். அப்போதுதான் எனக்குப் புரிந்தது, அவனுக்குக் கிடைத்த வேலை என்ன என்பது. அடுத்த வருஷம் தலைவலி என்று சொல்லி ரூமில் இருந்துவிட்டேன்.

அம்மா வாளியை எடுத்துக்கொண்டாள். எனக்குப் பதினாறு வயதானபோது அவளிடம் கேட்டேன், கொஞ்சம் கோபமாகவே. "நீ முட்டைகூடச் சாப்பிட மாட்ட. உன் குரலை நம்பித்தானே வருதுங்க. உன்னால எப்படிம்மா முடியுது?"

அம்மா வாளியைக் கழுவிக்கொண்டிருந்தாள். "கஷ்டமாத்தான் இருக்கு" என்றாள். "விரட்டி, கரண்ட் குச்சியால குத்தி ஏத்தறாங்களே, பாத்திருக்கியா? கண்ணு பிதுங்கி, காலு உடைஞ்சு. எப்படியும் போகப்போகுதுங்க. பயப்படாம போகட்டும்னு கூப்பிடறேன். அது சரியா தப்பான்னு எனக்குத் தெரியல. தெரிஞ்சா உன்கிட்ட சொல்றேன்."

ஏல நாளில் அப்பா காலி ட்ரெய்லரோடு திரும்பும்வரை அவள் சாப்பிட மாட்டாள். அதை ஒரு விரதம் என்று அவள் சொன்னதில்லை. பசிக்கவில்லை என்பாள். ரவுண்ட் ராக் ஆன்ட்டிகள் கேட்டால் மட்டும், அந்தப் பிள்ளையார் சதுர்த்திக்குப் பிறகு, தட்டைப் பார்ப்பதை விட்டுவிட்டாள். "கறி மாடுங்க. விக்கறோம்" என்று நேராகச் சொல்வாள். இரண்டு மூன்று வீட்டில் கூப்பிடுவதை நிறுத்தினார்கள்.

நான் படித்து முடித்து கலிஃபோர்னியா வந்தேன். லிவர்மோரில் வீடு, மலை தாண்டி வேலை. ஒரு பிப்ரவரிக் காலை ட்ராஃபிக்கில் நிற்கும்போது அம்மா போன் செய்தாள். அவன் நேற்று சாயங்காலம் டேங்க் கரையில் படுத்தவன் எழுந்திருக்கவில்லை. அம்மா போய்ப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாளாம். பஸ் ஆன்ட்டி ட்ராக்டரில் குழி வெட்டிக் கொடுத்தாளாம்.

"அப்பா எப்படி இருக்கார்?" என்றேன்.

"அவர்தான் சத்தமா அழுதார்" என்றாள் அம்மா. "எனக்கு அழுகை வரல. உனக்குச் சொல்லும்போதுதான் வருது."

நான் அடுத்த எக்ஸிட்டில் இறங்கி ஒரு பெட்ரோல் பங்கில் வண்டியை நிறுத்தி அழுது முடித்துவிட்டு ஆபீஸ் போனேன். யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் எந்த இடத்திலிருந்து ஆரம்பிப்பது?

அவனுக்குப் பிறகு மந்தை நான்கு வருஷம் இருந்தது. அப்பாவுக்கு இரண்டு முட்டியும் மாற்றினார்கள். அம்மா ஒருத்தியால் முடியவில்லை. மாடுகளைப் பஸ் ஆன்ட்டியே எடுத்துக்கொண்டாள், பசுக்களை ஏலத்துக்கு அனுப்பவில்லை. அவளுடைய மாடுகள் இப்போது எங்கள் புல்லில் மேய்கின்றன. பஸ் ஓட்டுவதை விட்டுவிட்டாள், ஆனாலும் நாங்கள் அந்தப் பெயரை மாற்றவில்லை.

தங்கை ஆலனில் வீடு வாங்கியிருக்கிறாள். சைட்வாக் உள்ள தெரு, இண்டியன் ஸ்டோர் எல்லாம் இருக்கிறது. அப்பா அம்மாவை வந்து இருக்கச் சொல்கிறாள், நானும் லிவர்மோருக்குக் கூப்பிடுகிறேன். வந்தால் பத்து நாள். பதினோராவது நாள் அம்மா வானிலை பார்க்க ஆரம்பித்துவிடுவாள், எங்கள் ஊர் வானிலை அல்ல, பண்ணை வானிலை.

போன மார்ச்சில் போயிருந்தேன். மழை நின்று இரண்டு நாள் ஆகியிருந்தது. காலையில் அம்மாவும் நானும் வேலியோரமாக நடந்தோம். கம்பி தளர்ந்த இடத்தில் எல்லாம் அவள் நின்று, அசைத்துப் பார்த்து, "பஸ் ஆன்ட்டிகிட்ட சொல்லணும்" என்றாள். தூரத்தில் மாடுகள் மேய்ந்துகொண்டிருந்தன. காற்று நின்றதும், அவை புல்லைப் பிய்க்கிற சத்தம் கேட்டது. பிய்த்து, மென்று, மறுபடி பிய்த்து. அப்பா கொட்டகை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து கை அசைத்தார். அம்மா ஒரு கம்பத்தில் சாய்ந்துகொண்டாள்.

"நேரமாச்சு, இட்லி ஆறிடும்" என்றேன்.

"இரு" என்றாள். "இதுங்க அந்த ஓரம்வரைக்கும் மேஞ்சு வரட்டும்."

இருந்தோம்.